வெண்கண்ணியின் பங்கு

நெருங்கி உட்காருங்கள். கதை என்றால் சின்னவர்களுக்குத்தான் என்று பெரியவர்கள் யாரும் எழுந்து போக வேண்டாம். இது முக்கியமாக உங்களுக்குத்தான்.

மலை மேலே மனிதன் காலடி படாத காலம். அரசனும் கிடையாது, அரண்மனையும் கிடையாது. அந்தக் காலத்தில் கார்முடி என்று ஒரு மலை இருந்தது. அதன் மேற்குச் சரிவு முழுவதும் மழைக்காடு. அங்கே மழை பெய்த நாட்களை எண்ணுவதைவிடப் பெய்யாத நாட்களை எண்ணுவது சுலபம்.

அந்தக் காடு மூன்று மாடி வீடு மாதிரி. மேல் மாடியில் வெயிலுக்குத் தலை நீட்டிய பெரிய மரங்கள். அங்கே இருவாச்சிப் பறவைகளும் சோலைமந்திக் குரங்குகளும் மலையணில்களும் குடியிருந்தார்கள். நடு மாடியில் பாதி வெளிச்சம். அங்கே கொடிகள், மரத்தவளைகள், பச்சைப் பாம்புகள். கீழ் மாடியில் பட்டப்பகலிலும் அந்தி நேரம். அங்கே சருகுமான்களும் முள்ளம்பன்றிகளும் அட்டைகளும் ஈரத்தில் பிறந்து ஈரத்திலேயே மடிந்தார்கள்.

மேலே மழை தொடங்கினால் கீழே முதல் துளி வந்து சேர நேரமாகும். மேலே மழை விட்டு வெயில் அடிக்கும்போதும் கீழே இலைக்கு இலை தாவி மழை இறங்கிக்கொண்டே இருக்கும். மேலே இருப்பவர்களுக்கு முடிந்துபோன மழை கீழே இருப்பவர்களுக்கு முடிவதே இல்லை. இது மேல் மாடிக்காரர்களுக்குத் தெரியாது. தெரிந்துகொள்ள வேண்டும் என்றும் அவர்களுக்குத் தோன்றவில்லை.

அந்த மேல் மாடியில், ஒரு குங்கிலிய மரத்தில், ஓர் இருவாச்சித் தம்பதி வாழ்ந்தார்கள். இருவாச்சியைப் பார்க்காதவர்களுக்குச் சொல்கிறேன். பெரிய மஞ்சள் அலகு, அதன் மேலே இன்னோர் அலகைக் கவிழ்த்து வைத்தது போல ஒரு கொண்டை. பறந்தால் அந்தச் சிறகோசை அடுத்த சரிவு வரை கேட்கும். ஆணுக்குக் கண் சிவப்பு, பெண்ணுக்குக் கண் வெள்ளை. அதனால் அவன் பெயர் செங்கண்ணன், அவள் பெயர் வெண்கண்ணி.

இருவாச்சிக் குலத்தில் ஒரு வழக்கம் உண்டு. அதைக் கேட்டால் உங்களுக்கு மூச்சு முட்டும்.

முட்டையிடும் காலம் வந்ததும் பெண் பறவை உயரமான ஒரு மரப்பொந்துக்குள் நுழைந்துகொள்வாள். நுழைந்ததும் வாசலை அவளே உள்ளிருந்து அடைப்பாள். ஆண் பறவை வாயில் மண் கொண்டுவந்து கொடுப்பான். அதைத் தன் எச்சத்தோடும் பழச்சக்கையோடும் குழைத்து அவள் அப்பி அப்பி மூடுவாள். அலகு நுழையும் அளவுக்கு ஒரு கீறல்தான் மிஞ்சும். அதற்குப் பிறகு உள்ளே உட்கார்ந்து தன் சிறகுகளை எல்லாம் உதிர்த்துவிடுவாள். அவளால் பறக்க முடியாது, வெளியே வர முடியாது, ஒரு பழம்கூடப் பறிக்க முடியாது. குஞ்சு பொரித்து, புதுச் சிறகு முளைத்து, அடைப்பை உடைத்து வெளியே வரும் வரை, கீறல் வழியாக அவன் ஊட்டுவதுதான் அவள் உயிர்.

அடைப்பு முடிந்ததும் ஆண் பறவை கீறலில் அலகை வைத்து ஒரு வாக்குக் கொடுக்க வேண்டும். "இனிமே என் சிறகுதான் உன் சிறகு" என்று செங்கண்ணனும் சொன்னான். நல்ல குரல் அவனுக்கு. சொன்னபோது அவன் கண்ணில் நீர்கூட வந்தது. வெண்கண்ணி அதை நம்பினாள். நம்பாதவள் தன் சிறகை உதிர்ப்பாளா?

அந்தக் குலத்தில் இன்னொன்றும் சொல்வார்கள். நடுவில் அடைப்பை உடைத்துக்கொண்டு வெளியே வருகிறவள் புருஷன்மேல் நம்பிக்கையில்லாதவள், அவளை யாரும் ஏறெடுத்துப் பார்க்கக் கூடாது என்று. நடுவில் ஊட்டாமல் விடுகிறவனைப் பற்றி அந்தக் குலம் எதுவும் சொல்லி வைக்கவில்லை. அப்படி ஒருவன் இருப்பான் என்று அவர்களுக்குத் தோன்றவில்லை போலும்.

வழக்கமாக, மூடுபனி விலகும் காலத்தில் பெண்கள் உள்ளே போவார்கள். பெருமழை இறங்குவதற்குள் குஞ்சு பறந்துவிடும். அந்த வருஷம் மழை முறை தவறி முந்திக்கொண்டது. கோடை முடிவதற்குள் மேற்கே கருத்தது, இறங்கியது, பிறகு நிற்கவே இல்லை. பூ உதிர்ந்தது, பிஞ்சு அழுகியது, காய் கொட்டியது. சரிவு முழுக்கப் புளித்த வாடை அடித்தது. பழம் தின்று வாழ்கிறவர்கள் எல்லாரும் வெறும் கிளையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்தார்கள்.

மலை முகட்டைத் தாண்டினால் கிழக்குச் சரிவு. மழை மேகம் முகட்டிலேயே கொட்டித் தீர்த்துவிடுவதால் அந்தப் பக்கம் காய்ந்து கிடக்கும். அங்கே பள்ளத்தாக்கில் ஒரு பெரிய அத்தி மரம் அடியிலிருந்து நுனிவரை பழுத்து நின்றது. ஆனால் முகடு முழுவதும் வெட்டவெளிப் புல். வானத்தில் கழுகு சுற்றும். குரங்கோ அணிலோ அந்த வெளியைத் தாண்டாது. மழைக்காற்றைக் கிழித்துக்கொண்டு போய்வர அகலமான சிறகு வேண்டும். அது இருவாச்சிக்கு மட்டும்தான் இருந்தது.

செங்கண்ணன் போனான். தொண்டைப்பை பிதுங்க அத்திப்பழம் கொண்டுவந்தான். ஒவ்வொன்றாகக் கக்கிக் கீறல் வழியாக ஊட்டினான். வெளியே காடு பசியில் கிடந்தபோது வெண்கண்ணி வயிறு நிறைந்து, தன் ஒற்றை முட்டையின் மேல் கண்மூடி உட்கார்ந்திருந்தாள்.

பக்கத்து மரத்தில் நெடுஞ்சிறகன் என்று இன்னோர் ஆண் இருவாச்சி இருந்தான். அவனுடைய மனைவியும் அடைப்புக்குள் இருந்தாள். அவனும் முகட்டைத் தாண்டிப் போவான், வருவான், பொந்தில் ஊட்டுவான், மறுபடியும் போவான். வழியில் யார் கூப்பிட்டாலும் "என் வீட்டுக்கே பத்தலைங்க" என்று சொல்லிவிட்டுப் பறந்துவிடுவான். கஞ்சப் பிசினாறி என்று காடு முழுக்க அவனுக்குப் பெயர்.

ஒருநாள் செங்கண்ணன் கொண்டுவந்த பழம் சீக்கிரம் தீர்ந்துவிட்டது.

"என்னங்க, இன்னிக்குக் கொஞ்சமா இருக்கே?" என்றாள் வெண்கண்ணி.

"வழியில ஒரு சோலைமந்தி, கைக்குழந்தையோட உட்கார்ந்திருந்தா. கைய நீட்டிட்டா. மனசு கேக்கல" என்றான் அவன்.

"நல்ல காரியம்தானே செஞ்சிருக்கீங்க" என்றாள் அவள். உண்மையாகவே அவளுக்குப் பெருமையாக இருந்தது. அன்று அரை வயிற்றோடு படுத்தபோதும் அந்தப் பெருமை போகவில்லை. இப்படி ஒருவனுக்கு வாழ்க்கைப்பட்டோமே என்று முட்டையிடம் சொல்லிக்கொண்டாள். நல்லவர்கள் ஏமாறுவது இப்படித்தான் தொடங்குகிறது, கவனித்துக்கொள்ளுங்கள்.

முட்டை பொரிந்தது. பொந்துக்குள் எந்நேரமும் திறந்த வாய் ஒன்று புதிதாகக் கத்தத் தொடங்கியது. அந்தச் சமயத்தில்தான் பழம் இன்னும் குறைந்தது.

"குஞ்சு கத்துதுங்க. எனக்கில்லாட்டியும் பரவாயில்ல, இதுக்காவது வேணும்" என்றாள்.

"நரைப்பிடரியாரே ஆள் அனுப்பிட்டார்" என்றான் செங்கண்ணன். நரைப்பிடரியார் என்பவர் சோலைமந்திகளின் தலைவர், அந்தக் காட்டுக்கே நாட்டாமை மாதிரி. "ஓடைக்கரையில பெரிய பாறை இருக்கே, அதுக்கடியில நனையாம தினமும் சபை கூடுதாம். அங்க வந்து பழத்தைப் பங்கு வெச்சுக் குடுக்கணும்னு கேட்டுக்கிட்டார். போனேன். என்னை மேட்டுல உட்கார வெச்சாங்க வெண்கண்ணி. மலையணில் எழுந்து நின்னு என்னைப் பத்திப் பேசிச்சு பாரு! நீ கேட்டிருக்கணும்."

"நீங்க சாப்பிட்டீங்களா?" என்று கேட்டாள் அவள். பசியிலும் அதுதான் கேட்கத் தோன்றியது.

"கொடுக்கிறவன் வாடக் கூடாதுன்னு தலைவர் கண்டிப்பாச் சொல்லிட்டார். முதல்ல நான் சாப்பிட்டாத்தான் மத்தவங்க கையே பழத்துக்குப் போகும்" என்றான்.

வெண்கண்ணி தனக்கு வந்ததை எல்லாம் குஞ்சின் வாயில் வைத்தாள். தான் பொந்துச் சுவரில் ஊர்ந்த பூச்சியைத் தின்றாள். பூச்சியும் தீர்ந்தது.

அதற்குப் பிறகு பழம் குறையக் குறையப் பேச்சு கூடியது. முன்பெல்லாம் அவன் வருவான், ஊட்டுவான், போவான். இப்போது கீறலுக்கு வெளியே உட்கார்ந்துகொண்டு, இன்று யார் என்ன புகழ்ந்தார்கள், யார் அழுதுவிட்டார்கள், யார் காலில் விழுந்தார்கள் என்று ஆதியோடந்தமாகச் சொன்னான். உள்ளே குஞ்சு கத்துவது அவன் காதில் விழுந்ததா என்று தெரியவில்லை.

மூன்றாவது முறை அவள் கேட்டேவிட்டாள். அன்று அவன் கொண்டுவந்தது நசுங்கிய சில பழங்கள், சபையில் யாரும் எடுக்காதவை.

"எங்க பங்கு எங்கேங்க?"

செங்கண்ணனுக்குக் கோபம் வந்துவிட்டது. "பங்கா? ஊரே பசியில கிடக்கு, நீ பங்கு கேக்கிறியா? உனக்கென்ன குறை? மழையில நனையறியா, காத்துல ஆடுறியா? சொகுசா உள்ள உட்கார்ந்துக்கிட்டு இருக்க. வெளிய வந்து பாரு, கஷ்டம்னா என்னன்னு தெரியும்."

சொல்லிவிட்டு அவன் பறந்துபோனான். சிறகோசை வெகுதூரம் கேட்டது. "இனிமே என் சிறகுதான் உன் சிறகு" என்று சொன்ன வாய்தான் அது. வெண்கண்ணி இருட்டில் உட்கார்ந்து, கோபப்படலாமா கூடாதா என்று யோசித்தாள். கோபப்படக்கூட அவளுக்கு வலு இல்லை.

மறுநாள் அவன் வரவில்லை. அதற்கு மறுநாளும் வரவில்லை. ஓடைக்கரைப் பக்கமிருந்து பெரிய ஆரவாரம் மட்டும் காற்றில் வந்தது. கீறலில் காதை வைத்துக் கேட்டாள். "காட்டு வள்ளல் செங்கண்ணன்!" என்று குரங்குகள் கூச்சல் போட்டன. அவனுக்குப் பட்டம் கட்டுகிறார்கள்.

குஞ்சு கத்துவதை நிறுத்திவிட்டு முனகத் தொடங்கியிருந்தது. கத்துகிற குஞ்சைவிட முனகுகிற குஞ்சு தாயை அதிகம் பயமுறுத்தும்.

வெண்கண்ணி அடைப்பைப் பார்த்தாள். உடைத்தால் குலம் அவளை ஒதுக்கிவிடும். அதைப் பற்றி அவளுக்கு இப்போது கவலையில்லை. உடைத்தால் மழை உள்ளே அடிக்கும், குளிர் உள்ளே வரும். அதைப் பற்றித்தான் கவலை. உடைக்காவிட்டால் இரண்டு பேரும் பட்டினியில் சாவது நிச்சயம். போய் நின்று உண்மையைச் சொன்னால் இத்தனை பேரில் ஒருவராவது ஓடிவர மாட்டார்களா? ஊருக்கே கொடுக்கிறவன் என் முகத்தைப் பார்த்த பிறகு கொடுக்காமல் இருப்பானா?

அவள் கொத்தினாள். எந்தக் கெட்டதும் உள்ளே வந்துவிடக் கூடாதென்று அவளே அவ்வளவு கெட்டியாகக் கட்டிய சுவர். அலகு வலித்தது. ஒரு பிளவு விட்டது, பிறகு ஒரு கட்டி பெயர்ந்தது. உதிர்த்த தன் சிறகுகளை எல்லாம் வாரிக் குஞ்சைச் சுற்றிப் போர்த்தினாள்.

"அம்மா போயிட்டு உடனே வந்துடறேன். சத்தம் போடாம தூங்கு" என்றாள்.

வெளியே வந்தாள். சிறகு இருக்க வேண்டிய இடத்தில் முளைவிட்ட குருத்துகள்தான் இருந்தன. பறந்தாள் என்று சொல்ல முடியாது, விழுந்தாள். மேல் மாடியின் கிளை அவளை அடித்தது. நடு மாடியின் கொடி அவளைப் பிடித்துக் கிழித்து விட்டது. கீழ் மாடியின் சேறு அவளை வாங்கிக்கொண்டது. பிறந்தது முதல் தரையில் கால் வைத்தறியாத பறவை, அழுகிய சருகில் முகம் புதையக் கிடந்தாள்.

எழுந்தபோது எதிரே ஒரு சருகுமான் நின்றது. முயல் அளவுதான் இருக்கும். குச்சிக் கால், மிரண்ட கண், வற்றிப்போன வயிறு.

"யாரும்மா நீ? மேல் மாடிக்காரியா? இங்க எப்படி வந்த?" என்றது சருகுமான்.

"ஓடைக்கரைச் சபைக்குப் போகணும். வழி தெரியல" என்றாள் வெண்கண்ணி.

"வள்ளல்கிட்டயா? போ, போ. எங்க கண்ணுல ஒரு பழமும் பட்டதில்ல. நாங்க எட்டிப் போறதுக்குள்ள குரங்குங்களே முடிச்சுடும். கடிச்ச மிச்சமாவது உருண்டு வருதான்னு பாறைக்கு வெளிய நிப்போம்" என்று சொல்லி அது முன்னால் நடந்து வழி காட்டியது.

வெண்கண்ணி பின்னாலேயே தத்தித் தத்தி நடந்தாள். மேலே மழை ஓய்ந்து வெளிச்சம் வந்திருந்தது. கீழே கொட்டிக்கொண்டுதான் இருந்தது. இலை ஒவ்வொன்றும் தன் பங்கைத் தரையில் வடித்தது. அட்டைகள் அவள் காலில் ஏறின, தொடையில் ஏறின, இறகில்லாத தோலில் ஒட்டிக்கொண்டன. உதறக்கூட நேரமில்லாமல் நடந்தாள். குஞ்சு தூங்கியிருக்குமா என்று ஒவ்வோர் அடிக்கும் நினைத்துக்கொண்டாள்.

பாறைக்கு அடியில் சபை நிறைந்திருந்தது. சோலைமந்திகள் முன் வரிசையில் உட்கார்ந்திருந்தன, மலையணில்கள் வாலைத் தோளில் போட்டுக்கொண்டு நின்றன. நடுமேட்டில் செங்கண்ணன். கழுத்தில் கொடிப்பூ மாலை, எதிரே ஒரு குவியல் அத்திப்பழம். ஆள் கொழுகொழுவென்று மின்னினான். மழைக்கால நோஞ்சான்களுக்கு நடுவே அவன் ஒருவன்தான் அப்படி இருந்தான்.

"கொடை என்றால் இவர், இவர் என்றால் கொடை" என்று நரைப்பிடரியார் பேசிக்கொண்டிருந்தார். கூட்டம் விலகி வழி விடுவதைப் பார்த்துப் பேச்சை நிறுத்தினார்.

வந்து நின்றதைப் பார்த்து யாருக்கும் அது இருவாச்சி என்றே தோன்றவில்லை. உடம்பெல்லாம் சேறு. சிறகு இல்லை, வால் இல்லை. கால் வழியே ரத்தம் ஒழுகியது. "ஏதோ பிச்சைக்காரப் பறவை" என்று ஓர் அணில் மூக்கைப் பொத்திக்கொண்டது.

வெண்கண்ணி அண்ணாந்து பார்த்தாள். சேறு படாதது அவளுடைய வெள்ளைக் கண் மட்டும்தான். செங்கண்ணன் அதைப் பார்த்தான்.

அவன் அடையாளம் கண்டுகொண்டான். அதில் உங்களுக்குச் சந்தேகமே வேண்டாம். பார்த்த மாத்திரத்தில் அவன் அலகு திறந்தது, மூடியது. பிறகு கூட்டத்தைப் பார்த்தான். எல்லாரும் அவனைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

அவன் மெதுவாக மேட்டிலிருந்து இறங்கி வந்தான். குவியலிலிருந்து ஒரு பழத்தை எடுத்தான், அவள் முன்னால் வைத்தான்.

"ஏழைன்னு வந்தவங்களுக்கு நான் இல்லைன்னு சொன்னதே கிடையாது" என்றான்.

கூட்டம் ஆர்ப்பரித்தது. ஒரு சோலைமந்தி கண்ணைத் துடைத்துக்கொண்டது.

"இது பிச்சையா, என் பங்கா?" என்று கேட்டாள் வெண்கண்ணி.

"என்ன திமிர் பாரு!" என்றது கூட்டம்.

"நான் இவரோட பெண்சாதி. எங்க குஞ்சு குங்கிலிய மரத்துப் பொந்துல சாகக் கிடக்கு. யாராவது வந்து காப்பாத்துங்க" என்றாள் அவள். கெஞ்சிப் பழக்கமில்லாத குரல் அது.

முதலில் ஓர் அணில் சிரித்தது, பிறகு எல்லாரும் சிரித்தார்கள். "வள்ளலோட பெண்சாதி உள்ள மகாராணி மாதிரி இருக்காங்களாம், அவரே நேத்து சொன்னார்" என்றது ஒரு குரங்கு.

நரைப்பிடரியார் கையை உயர்த்தினார். சிரிப்பு அடங்கியது. முறைக்காவது விசாரிக்க வேண்டும் என்று அவருக்குத் தோன்றியது.

"செங்கண்ணரே, இவ உங்க மனைவியா?"

ஒரு சொல் போதும். "ஆமாம்" என்று அவன் சொல்லியிருந்தால் பழம் சுமந்துகொண்டு பத்துக் குரங்குகள் அந்த மரத்தில் ஏறியிருக்கும். அதற்கு அந்தப் பூமாலையைக் கழற்ற வேண்டியிருக்கும், அவ்வளவுதான்.

செங்கண்ணன் யோசித்தான். யோசித்துவிட்டுச் சொன்னான்:

"என் மனைவி அடைப்பை உடைக்க மாட்டா."

என்ன பதில் பாருங்கள்! பொய் என்று பிடிக்க முடியாத பொய். கூட்டம் மறுபடியும் ஆர்ப்பரித்தது. "கேட்டீங்களா, கற்புக்கரசிக்கு ஏத்த புருஷன்" என்று யாரோ சொன்னார்கள்.

வெண்கண்ணி அவனைத் திட்டவில்லை. திட்டிக்கொண்டிருக்க நேரம் எங்கே? அந்த ஒரு பழத்தை அலகில் எடுத்துக்கொண்டு திரும்பி நடந்தாள். மானமுள்ளவள் அதைத் தொட்டிருக்க மாட்டாள் என்று உங்களில் யாராவது நினைத்தால், உங்களுக்குப் பசித்த பிள்ளை இல்லை என்று அர்த்தம்.

குங்கிலிய மரத்தடிக்கு வந்து சேர்ந்தபோதுதான் அவளுக்கு உறைத்தது. பொந்து மேல் மாடியில் இருந்தது, அவள் தரையில் இருந்தாள். இறங்கத் தெரிந்தவளுக்கு ஏறச் சிறகு இல்லை. மறுபடியும் பிடித்துக்கொண்ட மழையில், வழுக்குகிற பட்டையில் நகத்தைப் பதித்து ஏறினாள், சரிந்தாள். மறுபடி ஏறினாள், சரிந்தாள். மூன்றாவது தடவை ஏறி, இன்னும் உயரத்திலிருந்து சரிந்தாள். பழம் மட்டும் அலகை விட்டு நழுவவில்லை.

மேலேயிருந்து சத்தம் எதுவும் வரவில்லை. சொன்ன பேச்சைக் கேட்டுத் தூங்குகிறது என்று நினைத்துக்கொண்டாள்.

அப்போது தலைக்கு மேலே சிறகோசை கேட்டது. நெடுஞ்சிறகன், அந்தக் கஞ்சன், தொண்டைப்பை நிறையப் பழத்தோடு தன் வீட்டுக்குப் போய்க்கொண்டிருந்தான். உடைந்த அடைப்பைப் பார்த்தான், கீழே பார்த்தான், இறங்கி வந்தான்.

"அண்ணா, இதை மட்டும் மேல கொண்டுபோய் வெச்சுடுங்க. உங்க வீட்டுப் பழம் ஒண்ணும் வேணாம்" என்றாள்.

அவள் அலகிலிருந்து பழத்தை வாங்கிக்கொண்டு மேலே பறந்தான். போன வழியில் என்ன நினைத்தானோ, தன் தொண்டையிலிருந்தும் இரண்டு பழத்தை எடுத்து அலகு நுனிக்குக் கொண்டுவந்தான். கீழேயிருந்து அவளுக்கு அது தெரிந்தது. பொந்துக்குள் தலையை விட்டான். வெகுநேரம் தலையை வெளியே எடுக்கவில்லை.

பிறகு இறங்கி வந்தான். அவள் கொடுத்த பழத்தை அவள் முன்னாலேயே வைத்தான்.

"ரொம்ப நனைஞ்சு போயிருந்துச்சும்மா" என்றான்.

தன் மனைவியின் நினைவு வந்து அவசர அவசரமாகப் பறந்துபோனான்.

பொழுது சாயும் நேரத்தில் செங்கண்ணன் வந்தான். மனசாட்சி என்று ஒன்று அவனுக்கும் இருந்தது, நேரம் கழித்து வரும் அவ்வளவுதான். முகட்டைத் தாண்டிப் போய், யாருக்கும் கொடுக்காமல், தொண்டைப்பை வெடிக்கும் அளவுக்குப் பழம் கொண்டுவந்திருந்தான். கிளையில் உட்கார்ந்து உடைந்த வாசலுக்குள் எட்டிப் பார்த்தான். ஒன்றுக்குப் பலமுறை கூப்பிட்டான். கொண்டுவந்த பழத்தை ஒவ்வொன்றாகக் கக்கிப் பொந்தின் விளிம்பில் வைத்தான்.

கீழேயிருந்து வெண்கண்ணி பேசினாள்.

"இங்க இனிமே சாப்பிட யாரும் இல்லைங்க. எல்லாத்தையும் சபைக்கே கொண்டுபோங்க."

இந்தக் கதையில் எனக்கு நெஞ்சு எரிகிற இடம் இதுதான். அவன் அப்படியே செய்தான். விளிம்பில் வைத்த பழத்தை எல்லாம் மறுபடியும் வாரிக்கொண்டு, மறுநாள் சபைக்குக் கொண்டுபோனான்.

அடைப்பை உடைத்துக்கொண்டு மனைவி போய்விட்டாள், குஞ்சும் செத்துவிட்டது என்று சபையில் சொல்லி அழுதான். அழுகை பொய் இல்லை, அவன் உண்மையாகவேதான் அழுதான். காடும் அழுதது. நேற்று சேற்றோடு வந்து நின்றவள் யார் என்று ஒருவருக்கும் கேட்கத் தோன்றவில்லை. இவ்வளவு துக்கத்திலும் பழம் கொண்டுவரத் தவறவில்லையே என்று மெச்சி, வள்ளல் பட்டத்தோடு இன்னொரு பட்டத்தையும் சேர்த்துக் கட்டினார்கள். நெடுஞ்சிறகன் எழுந்து ஏதோ சொல்லப் பார்த்தான். கஞ்சன் பேச்சை எவன் கேட்பான்? பொறாமை என்று உட்கார வைத்துவிட்டார்கள்.

வெண்கண்ணி கீழ் மாடியிலேயே இருந்தாள். சருகுமான் ஒதுங்குகிற வேர் மறைவில் ஒதுங்கி, நத்தையும் வண்டும் தின்று, சிறகு முளைக்கும் வரை காத்திருந்தாள். மழை ஓய்ந்த ஒரு காலையில் எழுந்து பறந்தாள். ஓடைக்கரைப் பாறைக்கு மேலே அந்தச் சிறகோசை போனபோது சபை அண்ணாந்து பார்த்தது, செங்கண்ணனும் பார்த்தான். அவள் குனியவில்லை, குரல் கொடுக்கவில்லை, முகட்டைத் தாண்டிப் போய்விட்டாள்.

அவள் தன்னைக் காட்டிக்கொடுக்கவில்லையே என்று அவனுக்கு நிம்மதியாக இருந்ததாம். இதைச் சொல்லும்போதே எனக்கு வாய் கசக்கிறது, ஆனாலும் சொல்லத்தான் வேண்டும்.

இத்தனை நேரம் உட்கார்ந்து கேட்டவர்கள் நீதியையும் கையோடு கொண்டுபோங்கள்: தன் வயிற்றைக் குறைக்காமல், தன்னையே நம்பி அடைபட்டுக் கிடப்பவர்களின் பங்கை எடுத்து ஊருக்குக் கொடுப்பவன் வள்ளல் அல்ல, திருடன்.